தோட்டம் போடும் முன் மாடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

ஆடி பிறந்துவிட்டால் நர்சரிக் கடைகளில் கூட்டம் கூடிவிடும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பாட்டி சொன்னது நினைவுக்கு வரும். பத்து பை, ஒரு மூட்டை மண்புழு உரம், நாலு விதைப் பாக்கெட் வாங்கி வந்து மொட்டை மாடியில் அடுக்கிவிடுவோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் வீடு, மாடி 900 சதுர அடி. முதல் வருஷம் வெண்டையும் கத்தரியும் நன்றாகவே காய்த்தன. ஐப்பசி அடைமழையில் மூன்றாம் நாள், படுக்கையறைக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. ஒரு வாரத்தில் அது முறம் அளவுக்குப் பரவி, பூச்சு பொருக்குப் பொருக்காகக் கட்டில் மேல் உதிர்ந்தது. மேலே போய்ப் பார்த்தால், சரியாக அந்த இடத்துக்கு மேல்தான் கத்தரிப் பைகள் வரிசையாக நின்றன.

அதனால்தான் இங்கே விதைக்கு முன்னால் மாடியைப் பற்றிப் பேசுகிறேன். வடதமிழ்நாட்டுக் கடற்கரைப் பக்கம் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. ஆடி பிறப்பது ஜூலை நடுவில். இடையில் கிடைப்பது மூன்று மாதம். மாடி, குழாய், கதவு, தோட்டம் எல்லாவற்றையும் இந்த மூன்று மாதத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும். வரிசை மாறினால் ஒன்று இன்னொன்றைக் கெடுக்கும்.

முதலில் வாட்டம்

எங்கள் மாடியைச் சரி செய்ய வந்த கொத்தனார் பையிலிருந்து கரணையைக்கூட எடுக்கவில்லை. "ஒரு குடம் தண்ணி கொடுங்கம்மா" என்றார். மாடிப்படி அறையின் சுவரோரம் நின்று மெதுவாக ஊற்றினார். தண்ணீர், மழைநீர் இறங்கும் குழாயின் வாயை நோக்கி ஓடியது. நடுவில் ஓரிடத்தில் தயங்கியது, பிரிந்தது, பாதி அங்கேயே தேங்கி நின்றது. அவர் குனிந்து ஒரு செங்கல் துண்டால் அந்தத் தேக்கத்தைச் சுற்றிக் கோடு கிழித்தார்.

"வாட்டம் இங்க செத்துப் போச்சு. இதுக்கு மேல என்ன பெயிண்ட் அடிச்சாலும் நிக்காதும்மா."

வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்காகத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவு. பத்தடி நீளத்துக்கு ஒன்றேகால் அங்குலமாவது இறங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். புதிதாகத் தோட்டம் போட நினைப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான், காசு செலவில்லை. காலையில் மாடியைப் பெருக்கிவிட்டு நாலு மூலையிலிருந்தும் ஒவ்வொரு குடம் ஊற்றுங்கள். எந்த வழியாக ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று செங்கல் துண்டாலோ கரித்துண்டாலோ கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் போனால் வெயிலில் மற்ற இடம் காய்ந்திருக்கும், தேங்கும் இடம் மட்டும் கறுத்துத் தெரியும். செல்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு பைகளை எங்கே வைக்கலாம் என்று முடிவு செய்ய இந்தப் படம்தான் உதவும்.

தேக்கம் ஓரிரு அடி அகலம்தான் என்றால், அந்த இடத்தைக் கொத்தி, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமெண்டால் வாட்டம் எடுத்துப் பூசிவிடலாம். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு நாள் வேலை. பூசிய இடத்தை ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு நனைத்து வைக்க வேண்டும். இதைச் சித்தாளிடம் சொல்லிவிட்டு மறந்துவிடாதீர்கள், காலையும் மாலையும் நீங்களே தண்ணீர் தெளியுங்கள். பாதி மாடிக்கு மேல் தேங்குகிறது என்றால் மேலுக்கு மேல் பூசி எடையைக் கூட்ட வேண்டாம். பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகு முடிவெடுங்கள்.

விரிசல், அரசங்கன்று

வாட்டம் சரியானதும் தரையில் உட்கார்ந்தே பாருங்கள், நின்று பார்த்தால் பாதி விரிசல் தெரியாது. தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்த மாடி என்றால் ஓட்டின் மேல் கசிவது குறைவு. ஓட்டுக்கு ஓடு நடுவே உள்ள இணைப்புப் பூச்சு பெயர்ந்துதான் தண்ணீர் இறங்கும். ஓட்டைக் கரணைக் காம்பால் லேசாகத் தட்டினால், 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் அடியில் பிடிப்பு விட்டுவிட்டது.

அதிகம் கசிவது தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில். அங்கே நீளவாக்கில் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சிறு உளியால் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசியை ஊதிவிட்டு, விரிசல் நிரப்பும் பசையை அழுத்தி நிரப்புங்கள். அகலப்படுத்தாமல் மேலாகத் தடவினால் அடுத்த கோடையில் உரிந்து வந்துவிடும்.

கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் இரண்டு இலையோடு அரசங்கன்று எட்டிப் பார்க்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பறவை எச்சத்தில் வந்த விதை. இலையைக் கிள்ளிப் போட்டால் வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும், மறுபடி துளிர்க்கும். சுற்றிலும் கொத்தி வேரோடு எடுத்து, ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தால்தான் தீரும். சுவரையே பிளக்கக்கூடியது அது. விரல் நீளத்தில் இருக்கும்போது எடுப்பது பத்து நிமிஷ வேலை.

நீர்த்தடுப்புப் பூச்சு அடிப்பதானால் இதற்குப் பிறகுதான். பாசி இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றித் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடி மழை வரும். ஆகவே வேலையைக் காலையில் தொடங்குவது நல்லது. முதல் பூச்சைக் கிழக்கு மேற்காக அடித்தால், அது காய்ந்தபின் இரண்டாவதை வடக்கு தெற்காக அடிக்க வேண்டும், விட்ட இடத்தை அது மூடும். மூலைகளில் இரண்டு பூச்சுக்கும் நடுவே வலைத்துணிப் பட்டை ஒட்டுங்கள். எத்தனை மணி நேர இடைவெளி, எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்பதெல்லாம் டப்பாவில் அச்சிட்டிருக்கும், அதன்படி செய்யுங்கள். பூச்சு முடிந்து ஒரு வாரமாவது ஆகாமல் அதன் மேல் ஒரு பையும் ஏற்றாதீர்கள்.

எவ்வளவு எடை தாங்கும்

ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு, அதன் சொந்த எடை போக, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடை ஏறும் என்று வைத்துத்தான் நம் நாட்டுக் கட்டடத் தரக் குறிப்பு கணக்குப் போடச் சொல்கிறது. 15-க்கு 15 அங்குலப் பை ஒன்றை முக்கால் வரை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 30 கிலோவுக்குக் குறையாது. வெறும் செம்மண்ணாக இருந்தால் இன்னும் அதிகம். நடுமாடியில் நான் சதுர மீட்டருக்கு மூன்று பைக்கு மேல் வைப்பதில்லை. கனமான பைகள், மாதுளை, எலுமிச்சை நட்ட பெரிய டிரம் எல்லாம் கீழே சுவரோ உத்திரமோ வரும் இடத்துக்கு நேர் மேலே, ஓரமாக இருக்கட்டும். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடானால் மாடித் தோட்டத்தை விட்டுவிடுங்கள். வாசலிலும் கொல்லையிலும் போடுங்கள்.

தளத்தின் மேல் நேராக மண் கொட்டிப் பாத்தி கட்டவே கூடாது. பையையும் தரையில் ஒட்டி வைக்கக் கூடாது. என் கத்தரிப் பைகள் செய்த தப்பு அதுதான்: பையின் அடித்துளை வழியாக வேர் இறங்கி, ஓட்டு இணைப்புக்குள் நுழைந்து, அதை இளக்கிவிட்டிருந்தது. மாதக்கணக்கில் அந்த இடம் காயவே இல்லை. இப்போது ஒவ்வொரு பைக்கும் அடியில் செங்கல் வைக்கிறேன், நாலு விரல் இடைவெளி இருக்கிறது, துடைப்பம் உள்ளே போகும். இரும்பு ஸ்டாண்டு வாங்கினால் அதன் கால்கள் ஓட்டைக் குத்தாதபடி கீழே ஒரு பலகையோ செங்கல்லோ கொடுங்கள். நீங்கள் எடுத்த அந்தப் படத்தைப் பார்த்து, தண்ணீர் ஓடும் தடத்தில் எதுவும் வராமல் பைகளை அடுக்குங்கள்.

மண் கலவையும் விதையும்

கலவை: செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரமோ மக்கிய தொழுவுரமோ ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்தால் பொங்கி உதிரும். முதல் தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு இரண்டு மூன்று முறை அலசுங்கள், அதில் உப்பு இருக்கும். அலசாமல் போட்டு நாற்றின் இலை ஓரம் கருகி, நோய் என்று நினைத்து மருந்து தெளிப்பவர்கள் நிறைய. கலவையை நிழலில் குவித்து, ஈரம் தெளித்து, ஒரு வாரம் பத்து நாள் விட்டு வையுங்கள். இந்தப் பத்து நாளில் மாடிப் பூச்சு காய்ந்துவிடும். இரண்டு வேலையையும் இப்படி இணையாக வைத்துக்கொண்டால் ஆடி வீணாகாது.

முதல் முறை விதைப்பவர்களுக்கு நான் சொல்வது: வெண்டை, கொத்தவரை, ஒரு பந்தல் அவரை, இரண்டு பை அரைக்கீரை. இவற்றுக்கு நாற்றங்கால் வேண்டாம், நேராக ஊன்றலாம். விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். கீரை விதை மிகச் சிறியது, மணலோடு கலந்து மேலே தூவி, கையால் தட்டிவிடுங்கள். எறும்பு இழுத்துப் போகாமல் கொஞ்சம் மஞ்சள் தூள் சுற்றிலும் தூவுவது எங்கள் வீட்டு வழக்கம். 25, 30 நாளில் முதல் கீரை அறுக்கலாம்.

வெண்டை விதையை இரவு ஊறவைத்து, பைக்கு மூன்று போட்டு, முளைத்தபின் திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் நிற்பதன் வேரும் அசையும். 45 நாளில் காய் வந்துவிடும். அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நுனியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. முற்றிய காய் செடியில் நின்றால் புதுப் பூ குறையும். இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை பின்னியது போலத் தெரிந்தால் அது மஞ்சள் தேமல், வெள்ளை ஈ பரப்புவது. அதற்கு மருந்தில்லை. அந்த ஒரு செடியை அன்றைக்கே பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மற்றவை பிழைக்கும். பிடுங்க மனம் வராது, எனக்கும் வராது, ஆனாலும் பிடுங்க வேண்டும்.

கத்தரி, மிளகாய், தக்காளியை நாற்றுவிட்டு ஒரு மாதம் கழித்து மாற்றி நட வேண்டும். நடும்போது சாயங்காலம் நடுங்கள். கத்தரியில் ஒரு கொழுந்து மட்டும் தலை தொங்கினால் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை, தண்டுக்குள் புழு இருக்கிறது. தொங்கிய இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டிப் பாருங்கள், துளையும் இளஞ்சிவப்புப் புழுவும் தெரியும். வெட்டியதை மாடியிலேயே போடாமல் அழித்துவிடுங்கள். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும், லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒருமுறை தெளித்தால் பெரும்பாலும் கட்டுப்படும். செடி வளர்ச்சிக்குப் பஞ்சகவ்யம் (பசுஞ்சாணம், கோமியம், பால், தயிர், நெய் கலந்து புளிக்க வைத்தது) லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

அவரைக்கு மட்டும் பொறுமை வேண்டும். ஆடியில் ஊன்றிய கொடி ஆவணி முழுக்க இலையாகவே படரும், புரட்டாசியிலும் பூ தெரியாது. உரம் போதவில்லையோ என்று கொட்டாதீர்கள். நாட்டு அவரைக் கொடி பகல் சுருங்கினால்தான் பூக்கும்.

புரட்டாசியில் செய்ய வேண்டியவை

செடிகள் எழுந்து நிற்கும் நேரத்தில் வீட்டின் மற்ற வேலைகளை முடித்துவிடுங்கள். குழாய் வாயில் இலை அடைக்காமல் ஜாலி (துளையிட்ட தடுப்பு மூடி) இருக்க வேண்டும். தோட்டம் வந்தபிறகு உதிரும் இலையும் நார்க்கழிவும் அங்கேதான் போய்ச் சேரும். ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றி, கீழே ஒருவரை நிற்க வைத்துக் கேளுங்கள். மேலே ஊற்றிய வேகத்தில் கீழே வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் எல்போவில், அதாவது குழாய் வளைவில், அடைப்பு.

குழாய் போய்ச் சேரும் மழைநீர் சேகரிப்புக் குழியைப் பலர் கட்டியதோடு சரி, மறுபடி திறப்பதில்லை. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தெருவுக்குத் தெரு குழி தோண்டினோம். அந்தக் குழிகளில் பல இன்று சேறு அடைத்து, தண்ணீர் ஏறாமல் வழிந்து தெருவில் ஓடுகின்றன. மூடியைத் திறந்து மேல் மணலை ஒரு சாண் ஆழத்துக்கு வாருங்கள். கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தால் அதை எடுத்துப் புது மணல் போடுங்கள்; அடியிலுள்ள ஜல்லியையும் கூழாங்கல்லையும் சல்லடையில் அலசித் திரும்பப் போடுங்கள். இரண்டு பேருக்கு அரை நாள். 1,000 சதுர அடி மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர் தண்ணீர். நமக்கு அது மாசியிலும் பங்குனியிலும் கிணற்றில் வேண்டும். தோட்டம் உள்ள மாடித் தண்ணீரில் உரமும் மண்ணும் கரைந்து வரும் என்பதால், அதைக் குடிநீர் சம்ப்புக்கு நேராக விடாமல் இந்தக் குழிக்குள்ளேயே விடுங்கள். முதல் மழையை மட்டும் வெளியே ஓட விட்டுவிடலாம்.

கொல்லையில் முருங்கை இருந்தால் நீண்டு வளர்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள். முருங்கை மாதிரி லேசில் முறியும் மரம் வேறில்லை. மின்கம்பியோ ஓட்டுக்கூரையோ பக்கத்தில் இருந்தால் தள்ளிப் போடவே கூடாது. குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கும் பழக்கம் இருந்தால் இறக்கிவிடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் பெரிய பெரிய மரங்களையே சாய்த்தது, பூந்தொட்டி எம்மாத்திரம்! கீழே ஆள் நடக்கும் வழி.

மழைக்காலத்தில் கதவு உப்பி, தரையில் உரசும். உடனே தச்சரைக் கூப்பிட்டு இழைக்காதீர்கள். கோடையில் மரம் சுருங்கி, விரல் நுழையும் அளவு இடுக்கு விழும். இப்போது, மரம் காய்ந்திருக்கும்போதே, கதவைக் கழற்றி அதன் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பெயிண்ட் அடியுங்கள். வீடு கட்டும்போது இந்த இரண்டு விளிம்பையும் யாரும் அடிப்பதில்லை, ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே ஏறுகிறது.

மாடியில் மோட்டாருக்கோ விளக்குக்கோ போகும் வயரில் டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிவிடுங்கள். மெயின் பெட்டியில் கசிவு மின் தடுப்பு சுவிட்சு இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். மேல்தொட்டி மூடி சரியாக உட்காரட்டும். பைகளுக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், டெங்குக் கொசுவுக்கு அதிலுள்ள தண்ணீர் போதும்.

மழை பிடித்தபின்

ஐப்பசி பிறந்தால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வடிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பையில் தண்ணீர் மேலே நின்றால் அடித்துளையை ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். உரம் வேண்டாம், கரைந்து போய்விடும். தக்காளிச் செடிகளைக் குச்சியில் இரண்டு இடத்தில் கட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் உயரமான பைகளை மாடிப்படி அறையின் சுவரோரம் ஒன்றோடு ஒன்று நெருக்கி வைத்துக் கயிற்றால் வளைத்துக் கட்டிவிடுங்கள், ஸ்டாண்டுகளையும் இறக்கிவிடுங்கள்.

முதல் பெருமழை பெய்து ஓய்ந்த உடனே ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போங்கள். செங்கல் துண்டால் கோடு போட்ட இடத்தில் இப்போது தேங்குகிறதா, குழாய் வாயில் இலை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கீழே வந்து ஒவ்வொரு அறையிலும் கூரையின் மூலையில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத ஈரம் சாய்ந்த வெளிச்சத்தில் பளபளக்கும். எங்காவது தெரிந்தால் அன்றைய தேதியையும் இடத்தையும் நாட்காட்டியில் எழுதி வையுங்கள். மழைக்குள் எதுவும் பூச முடியாது, தை பிறந்து தளம் காய்ந்ததும் கொத்தனாரிடம் காட்ட அது வேண்டும்.

எங்கள் படுக்கையறையில் இப்போது ஈரம் இல்லை. மேலே அந்த இடத்தில் எதுவும் வைப்பதில்லை, அது தண்ணீர் போகும் தடம். அதற்குப் பக்கத்தில், உத்திரத்துக்கு நேர் மேலே, அவரைப் பந்தல் நிற்கிறது. கார்த்திகை தீபத்தை ஒட்டி அதில் ஊதாப் பூ கொத்துக் கொத்தாக வரும், மார்கழியில் தினம் ஒரு கூடை காய்.